தேதி மட்டும் சரியாக இருந்தது

புரூல் தன் இடது கையை வலது கையால் தூக்கி மேசைமேல் வைத்தாள். தோளிலிருந்து விரல்நுனிவரை வீங்கியிருந்தது. கல்யாண மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்களாம்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தக் கையாலதான் தையல் மெஷின்ல துணி தள்ளுறேன். இப்ப ஒரு பொத்தான் தைக்க முடியல," என்றாள். "அழறதுக்கு வரல நான். அதெல்லாம் வீட்டுலயே முடிச்சாச்சு. எனக்கு ஒரு பேர் வேணும். என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கினது யாருன்னு ஒரு பேர்."

ஓஷ் நகரத்துப் பஜாரில் சம்சா கடைக்கு மாடியில் இருந்தது அந்த அறை. எதிரே உட்கார்ந்திருந்த சபீராவுக்கு ஐம்பத்தொரு வயது. பத்தொன்பது வருடம் அரசு வழக்குத் துறையில் புலன்விசாரணை அதிகாரியாக இருந்தவள். ஒரு கொலை வழக்கை மூடிவிடச் சொன்ன மேலதிகாரியின் மடியில் சுடச்சுடத் தேநீரைக் கொட்டிவிட்டு வேலையை விட்டு வந்தவள். ஜன்னலோரம் நின்ற தில்முரோத் அவள் உதவியாளன். முன்பு டாக்ஸி ஓட்டினான். வாயை மூடத் தெரியாததால் பயணிகள் பாதி வழியிலேயே இறங்கிப் போனார்கள்.

"முதல்லேருந்து சொல்லு," என்றாள் சபீரா.

புரூல் சொன்னாள். போன ஆகஸ்டில் இடது மார்பில் கட்டி. சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று தெரிந்தது. மார்பிலிருந்து அது கிளம்பினால் முதலில் போய்த் தங்கும் இடம் அக்குளில் இருக்கிற நிணநீர் முடிச்சுகள். அதனால் அக்குளை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்வார்கள். மாவட்ட நோயறி மையத்தில் ஸ்கேன் எடுத்தாள். 'அக்குள் தெளிவு, பரவல் இல்லை' என்று அறிக்கை வந்தது. அறுவை மருத்துவர் அதை நம்பி மார்புக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு அக்குளைத் தொடாமல் தைத்துவிட்டார்.

"பிப்ரவரியில கை வீங்குச்சு. ராஜதானி பிஷ்கெக் போய்ப் பார்த்தா அக்குள்ல கொத்துக்கொத்தா நெறி கட்டியிருக்கு. கழுத்தெலும்புக்கு மேலயும் ரெண்டு. அங்க இருந்த டாக்டர் என் பழைய படத்தைப் பார்த்துட்டு, 'இந்தப் படம் எடுத்தப்பவே இது இருந்திருக்கணுமே'ன்னு சொன்னார்."

"மையத்துல கேட்டியா?"

"கேட்டேன். தலைவர் ஒரோஸ்பெக் ஜுமாயெவிச் தேநீர் குடுத்து உக்கார வெச்சார். படம் பார்த்தது அனார்குல்ங்கிற டாக்டரம்மாவாம். கவனக்குறைவாம். வேலையை விட்டுட்டு ரஷ்யாவுக்கு, யெகாதெரின்பூர்க் ஓடிட்டாங்களாம்."

"பேர்தான் கிடைச்சிருச்சே தங்கச்சி," என்றான் தில்முரோத். "அப்புறம் எங்ககிட்ட எதுக்கு?"

புரூல் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"முகமூடிக்குள்ள முகம் தெரியல. ஆனா எனக்கு ஸ்கேன் எடுத்தது ஒரு ஆம்பளை."

தில்முரோத்தின் வாய் மூடிக்கொண்டது. அபூர்வமான காட்சி.

சபீரா அறிக்கையைக் கையில் எடுத்தாள். கீழே வட்டமான நீல முத்திரை: மருத்துவர் அனார்குல். மேலே கறுப்பு வெள்ளையில் ஒரு படம். மூலையில் தேதி, ஆகஸ்ட் 14. படத்தின் நடுவில் அவரை விதை மாதிரி ஒன்று. ஓரம் கறுப்பு, உள்ளே வெள்ளை. பக்கத்தில் கமா போட்டதுபோல இன்னொரு சின்ன விதை.

"தில்முரோத், உனக்கு வயிறு வலிக்குதா?"

"இல்லியே அக்கா."

"வலிக்குது. வலது பக்கம். பித்தப்பையில கல்லு இருக்கோன்னு உனக்குச் சந்தேகம். கிளம்பு."

* * *

மையத்தின் தலைவர் அறையில் ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருந்தது. ஸ்கேன் இயந்திரத்துக்கு முன்னால் ரிப்பன், கத்தரிக்கோல், சிரிக்கும் ஒரோஸ்பெக். நேரிலும் அதே சிரிப்புதான். சபீராவுக்குக் கிண்ணத்தில் பச்சைத் தேநீர் ஊற்றினார். தன் கிண்ணத்தை ஒரு பழுப்பு உறைமேல் வைத்துக்கொண்டார்.

"அந்தத் தையல்காரப் பொண்ணு அனுப்பினாளா? பாவம். அனார்குல் விஷயத்துல நானும் ஏமாந்துட்டேன் அக்கா. செப்டம்பர்ல ராத்திரியோட ராத்திரியா கிளம்பிட்டா. ரஷ்யாவுல எங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

"லெட்டர், போன் எதுவும் இல்லையா?"

"ஒரு வார்த்தை கிடையாது."

பேசிக்கொண்டே கிண்ணத்தைத் தூக்கினார். உறையில் ஈர வட்டம். வட்டத்துக்குள் அனுப்பியவர் முகவரி. சபீராவின் கண்ணுக்குக் கண்ணாடி தேவையில்லை. 'அனார்குல், கால்நடை மருத்துவ நிலையம், காரா-சூ.' காரா-சூ பக்கத்து ஊர்தான். தபால் முத்திரை போன மாதத்து ஓஷ் முத்திரை. உறை பிரிக்கப்படவே இல்லை.

சபீரா தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். குடிக்காவிட்டால் அது எங்கே போய் விழும் என்று அவளுக்கே பயம்.

"ஸ்கேன் இப்ப யார் பாக்குறாங்க?"

"வயித்துக்கு ஒரு டாக்டரம்மா இருக்காங்க. மார்பு, அக்குள் எல்லாம் முக்கியமானது பாருங்க, அதனால நானே நேர்ல போய்ப் பாத்துடறேன்."

"பெரிய மனசு," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

* * *

தில்முரோத் காரில் உட்கார்ந்து சட்டைக்குள் கைவிட்டு ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நல்ல செய்தி அக்கா. கல்லு இல்ல. அதைவிட நல்ல செய்தி, எனக்கு இருபத்தஞ்சு வயசுதான் ஆகுது."

"உளறாதே."

"பாருங்களேன்." தன் பித்தப்பைப் படத்தை நீட்டினான். மூலையில்: 2012 ஜனவரி 1. மணி 00:47.

சபீரா படத்தையே பார்த்தாள். "காலையில கரண்ட் போச்சே, எப்ப வந்துச்சு?"

"நான் படுக்கறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி. டாக்டரம்மா சிரிக்கிறாங்க, 'இதோட கடிகாரத்து பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆச்சு. தினமும் அணைச்சுப் போட்டா இதுக்கு தினமும் புது வருஷம்'னு. தேதியைப் பேனாவுல எழுதித்தான் குடுக்குறாங்க."

சபீரா புரூலின் படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். ஆகஸ்ட் 14. அச்சில், அழகாக, சரியாக.

"இந்தத் தேதி சரியா இருக்கு தில்முரோத்."

"ஆமா."

"அதான் தப்பு. அந்த மெஷினுக்கு இன்னிக்கு என்ன தேதின்னு தெரியாது. ஒரு வருஷமாத் தெரியாது. அப்ப இது அன்னிக்கு எடுத்த படமே இல்ல. பழைய படத்துல எவனோ உக்காந்து தேதி அடிச்சிருக்கான்."

தில்முரோத் விசில் அடிக்கப் போய் நிறுத்திக்கொண்டான்.

"இன்னொண்ணு. அந்த மெஷின்ல ஸ்கேன் தலை மாட்டறதுக்கு மூணு கொக்கி. ஒண்ணுல வளைஞ்ச தலை, என் வயித்துல வெச்சு அமுக்கினது. ஒண்ணுல கர்ப்பிணிங்களுக்கானது. மூணாவது கொக்கியில டாக்டரம்மாவோட கைப்பை தொங்குது. 'இது எந்த வியாதிக்கு?'ன்னு கேட்டேன். முகம் மாறிடுச்சு. அது அக்குள் மாதிரி மேலோட்டமான இடம் பாக்குற தட்டைத் தலையாம். உடைஞ்சு போச்சாம். எப்பன்னு மட்டும் சொல்லல."

"அப்ப அக்குளுக்கு ஒரோஸ்பெக் எதை வெச்சுப் பாக்குறான்?"

"ரெண்டு கண்ணை மூடிக்கிட்டுத்தான். அக்கா, கோவப்படாம கேளுங்க. வெளிய பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. மௌலுதான்னு பேரு. எங்க ஆளுங்க, காரா-சூக்காரங்க. இன்னிக்குக் காலையிலதான் அவன் ஸ்கேன் எடுத்து 'தெளிவு'ன்னு குடுத்திருக்கான். சந்தோஷத்துல பெஞ்சுல இருந்த அத்தனை பேருக்கும் மிட்டாய். படத்தைக் காட்டினாங்க. போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன்."

போனை நீட்டினான். இன்றைய தேதி. அவரை விதை. பக்கத்தில் கமா.

"புரூலுக்கு எந்தப் பக்கம்?" என்றாள் சபீரா.

"இடது."

"மௌலுதாவுக்கு?"

"வலது." தில்முரோத்தின் குரலில் வேடிக்கை வடிந்திருந்தது. "ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு பக்கம், எட்டு மாச இடைவெளி. ஒரே அக்குள். அக்கா, அவங்களுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

சபீரா கார்க் கதவை அறைந்து சாத்தினாள். அந்தப் பழைய டிகோ கார் அதற்குமேல் தாங்காது என்பது இருவருக்கும் தெரியும்.

"அந்த அம்மா எங்க?"

"வேன் வர்ற இடத்துல நிப்பாங்க."

"ஏத்து."

* * *

மௌலுதாவுக்கு நாற்பத்தாறு வயது. பூப்போட்ட தலைத்துணி, மடியில் மிட்டாய்ப் பை. ஊர்க்காரன் வண்டி என்று நம்பி ஏறினாள். ஊர் எல்லை தாண்டியதும் சபீரா விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"வண்டியை நிறுத்து," என்றாள் மௌலுதா.

தில்முரோத் நிறுத்தினான்.

"யாரு நீங்க? காலையில ஒரு நல்ல வார்த்தை கேட்டேன். மூணு மாசத்துல முதல் நல்ல வார்த்தை. என் மக்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அதைப் பிடுங்கறதுக்கு நீங்க யாரு?"

சபீரா புரூலின் படத்தையும் தில்முரோத்தின் போனையும் அவள் மடியில் வைத்தாள். மௌலுதா ஒன்றைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். கமாவைத் தொட்டாள். மறுபடியும் முதல் படத்துக்குப் போனாள். வயல் ஓரமாக ஒரு மாட்டு மந்தை கடந்து போனது. அது முழுக்கப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டு தம்பி," என்றாள்.

* * *

காரா-சூ கால்நடை மருத்துவ நிலையத்தின் பின்கொட்டிலில் ஒரு சினைக் குதிரை நின்றிருந்தது. அதன் பின்னால் தோள்வரை நீளக் கையுறை போட்ட ஒரு பெண், முப்பத்தெட்டு வயதிருக்கும், சின்ன ஸ்கேன் இயந்திரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் அனார்குல்தானே?" என்றான் தில்முரோத். "யெகாதெரின்பூர்க் இவ்வளவு பக்கத்துல இருக்கும்னு நான் நினைக்கல."

அவள் திரும்பினாள். குதிரை ஓர் அடி நகர்ந்தது.

"யார் நீங்க?"

"ஆகஸ்ட் பதினாலாம் தேதி நீங்க முத்திரை வெச்ச பேஷன்ட்டோட ஆளு," என்றாள் சபீரா.

"ஆகஸ்டா? நான் அந்த மையத்தை விட்டு ஜூலை ரெண்டாம் தேதியே வெளிய வந்துட்டேன்."

"அப்ப இது?"

அனார்குல் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அறிக்கையை வாங்கினாள். முத்திரையைப் பார்த்தபோது அவள் முகம் சிவந்தது. படத்தைப் பார்த்ததும் அந்தச் சிவப்பு முழுக்க இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த தீவன மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"இந்தப் படம் எந்தப் பொண்ணோடதுன்னு தெரியுமா?" என்றாள் சபீரா.

"தெரியும். இது என்னோடது."

"உங்க மெஷின்ல எடுத்ததா?"

"என்னோட அக்குள்! இது நான்!" அனார்குல் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "மெஷின் வந்த அன்னிக்கு சோதனைக்காக நானே எனக்கு எடுத்தேன். நல்ல நெறி எப்படி இருக்கும்னு நர்சுங்களுக்குக் காட்ட. பாருங்க, ஓரம் மெல்லிசா, நடுவுல வெள்ளை. அந்த வெள்ளை இருக்கிறவரைக்கும் பயமில்ல. புற்று வந்து உக்காந்தா முடிச்சு உருண்டையாகும், வெள்ளை காணாம போயிடும். பக்கத்துல இந்தக் குட்டி முடிச்சு பிறவியிலேருந்தே எனக்கு இப்படித்தான். இதை மெஷின் நினைவுல சேமிச்சு வெச்சேன். அழிக்காம வந்துட்டேன்."

குதிரை வாலை வீசியது.

ஜூன் கடைசியில் தட்டைத் தலை கீழே விழுந்து உடைந்ததாம். அக்குள் ஸ்கேனை நிறுத்தி, வருகிறவர்களைப் பிஷ்கெக்குக்கு அனுப்பச் சொல்லி அனார்குல் எழுதிக் கொடுத்தாள். ரிப்பன் வெட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை, இப்போது மூச்சு விடாதே என்றார் ஒரோஸ்பெக். பொய்யாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். மறுநாள் வேலை இல்லை. தன் முத்திரையைக் கேட்டபோது தொலைந்துவிட்டது என்றார்.

"அப்புறம் என்ன பண்ணினீங்க?"

"லெட்டர் எழுதினேன். மாசம் ஒண்ணு. அவருக்கும், சுகாதாரத் துறைக்கும். ஒன்பது லெட்டர்."

"ஒன்பது லெட்டர்!" சபீராவின் குரல் கொட்டிலில் எதிரொலித்தது. "உங்க லெட்டர் மேல அவன் தேநீர்க் கிண்ணம் வைக்கிறான். பிரிக்கக்கூட இல்ல. ஒன்பது மாசத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வாசல்ல வந்து நின்னு கத்தியிருந்தா என்ன?"

அனார்குல் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"கத்தியிருக்கணும். வேற எடத்துலயும் வேலை குடுக்க விடமாட்டான்னு பயந்தேன். அது உண்மைதான்." எழுந்தாள். "அந்தம்மா யாரு? ஏன் வாசல்லயே நிக்கிறாங்க?"

"நாளைக்கு ஆபரேஷன்," என்றான் தில்முரோத். "கையில உங்க அக்குளைத்தான் வெச்சிருக்காங்க."

அனார்குல் தன் கழுத்தில் தொங்கிய இயந்திரத்தைப் பார்த்தாள். குதிரைக்கும் மாட்டுக்கும் கர்ப்பம் பார்ப்பது. அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு தட்டைத் தலை.

"என்ன அக்கா இது அநியாயம்," என்றான் தில்முரோத். "மாட்டுக்கும் குதிரைக்கும் இருக்கு. ஒரு மாவட்டத்துப் பொம்பளைங்களுக்கு இல்ல."

அனார்குல் அந்த ஸ்கேன் தலையை மூன்று முறை கழுவினாள். மருந்து போட்டுத் துடைத்தாள். புது உறை மாட்டினாள். டாக்டர் அறையில் மௌலுதாவைப் படுக்கவைத்துக் கையைத் தலைக்குமேல் தூக்கச் சொன்னாள். தில்முரோத் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

"இது ரிப்போர்ட் இல்லம்மா. குதிரை மெஷினை வெச்சு ரிப்போர்ட் எழுத முடியாது. நாளைக்குக் கத்தி வைக்கலாமா கூடாதான்னு மட்டும் பாக்கலாம்," என்றாள் அனார்குல்.

முதலில் ஓர் அவரை விதை வந்தது. நடுவில் வெள்ளை. மௌலுதா மூச்சு விட்டாள். இன்னொன்று. அதிலும் வெள்ளை. ஸ்கேன் தலை இன்னும் கொஞ்சம் மேலே நகர்ந்து நின்றது.

திரையில் உருண்டையாக ஒன்று. திராட்சை அளவு. முழுக் கறுப்பு.

மௌலுதா திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"இதுல வெள்ளை எங்க?"

அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அனார்குல் அங்கேயே நின்று அறுவை மருத்துவருக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் அந்த மனிதர் முதலில் கத்தினார். பிறகு அமைதியானார். பிறகு அவர் கத்தியது வேறு யாரையோ. நாளை கத்தி இல்லை. முதலில் ஊசியால் அந்த முடிச்சிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது. புற்று என்றால் மருந்து முதலில், அறுவை அப்புறம்.

"பொழைப்பேனா?" என்றாள் மௌலுதா.

"இப்பத்தான் பொழைக்கற வழியில வந்திருக்கீங்க," என்றாள் அனார்குல். "நோய் போன வழி எதுன்னு தெரிஞ்சுபோச்சு."

* * *

மாலை நான்கு மணிக்கு ஒரோஸ்பெக்கின் அறையில் நாற்காலிகள் போதவில்லை. சபீரா, புரூல், அனார்குல், வாசலை அடைத்துக்கொண்டு தில்முரோத். அவர்களோடு வழக்குத் துறையிலிருந்து ஓர் அதிகாரி. பழைய ஆபீஸில் சபீரா சொன்னால் கிளம்பி வரக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

அனார்குலைப் பார்த்ததும் ஒரோஸ்பெக்கின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ரஷ்யா போன பொண்ணு திரும்பிட்டாங்க," என்றான் தில்முரோத். "வேன்ல இருபத்தஞ்சு நிமிஷம்தான்."

அதிகாரி மேசையின் மேல் இழுப்பறையைத் திறந்தார். வட்ட முத்திரை அங்கேயே இருந்தது. ஒளித்து வைக்கும் அளவுக்குக்கூட ஒரோஸ்பெக் யாருக்கும் பயந்திருக்கவில்லை.

"நீங்க எல்லாரும் நினைக்கிற மாதிரி இல்ல," என்றார். "மெஷின் பழுதுன்னு எழுதினா மையத்தையே மூடிடுவாங்க. எனக்கு துறையில மேல போற நேரம் அது. புதுத் தலை வந்துடும் வந்துடும்னு பார்த்தேன். அதுவரைக்கும் சமாளிக்கணுமே? அதோட, பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு அக்குள்ல ஒண்ணும் இருக்காது. பத்துல ஆறு பேருக்கு அந்த ரிப்போர்ட் சரியாத்தானே இருந்திருக்கும்?"

"மீதி நாலு?" என்றாள் புரூல்.

"கெட்ட எண்ணம் இல்லம்மா. அது இவ்வளவு தூரம் போகும்னு நான் யோசிக்கல. எனக்குத் தோணவே இல்ல."

சபீரா அவர் மேசையிலிருந்த பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஜூலையிலிருந்து அக்குள் ஸ்கேன்: முப்பத்தைந்து பெயர்கள். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினாள். தெளிவு. தெளிவு. தெளிவு. அக்டோபரில் விரல் நின்றது.

"இந்தப் பேர் யாரு?"

ஒரோஸ்பெக் எட்டிப் பார்த்தார். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"முப்பத்தி நாலு பேருக்குத் தெளிவு," என்றாள் சபீரா, அறையிலிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒரே ஒருத்தருக்கு மட்டும், 'பிஷ்கெக்குக்கு அனுப்பப்பட்டது.' குடும்பப் பேர் உங்க குடும்பப் பேர். யாரு? உங்க அண்ணன் பொண்டாட்டியா?"

சபீரா பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"தோணல இல்ல? உங்க அண்ணியை மட்டும் இந்த மெஷின் பக்கம் வரவிடாம ராஜதானிக்கு அனுப்பத் தோணியிருக்கு. மத்தவங்களுக்குத் தோணல."

புரூல் எழுந்து மேசையருகே வந்தாள். அவள் அடிக்கப் போகிறாள் என்று அதிகாரி பாதி எழுந்தார். அவள் அடிக்கவில்லை. குனிந்து, ஒரோஸ்பெக்கின் முகத்துக்கு நேராக மெதுவாகக் கேட்டாள்.

"நான் படுத்திருந்தப்ப எதை என் அக்குள்ல வெச்சீங்க?"

"வளைஞ்ச... வயித்துக்கு வெக்கிற தலை."

"திரையில ஏதாவது தெரிஞ்சுதா?"

"அது ஆழத்துல இருக்கிறதைப் பாக்குற தலை. அக்குள்ல அதை வெச்சா ஒண்ணும் சரியாத் தெரியாது."

"நான் உங்களுக்கு நன்றி சொன்னேன். ஞாபகம் இருக்கா? கையைப் பிடிச்சுக்கிட்டு, கடவுள் உங்களை நல்லா வெக்கணும்னு சொன்னேன்."

ஒரோஸ்பெக் மேசையைப் பார்த்தார். புரூல் நிமிர்ந்தாள். "எனக்கு வேண்டிய பேர் கிடைச்சிருச்சு," என்றாள் சபீராவிடம்.

அதிகாரி அவரைக் கூட்டிக்கொண்டு போனார். கீழே ஸ்கேன் அறைக் கதவில் அரக்கு வைத்தார்கள். நடைபாதையில் காத்திருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் 'என்ன ஆச்சு?' என்று கேட்டாள்.

* * *

பதிவேடு மேசையில் திறந்தே கிடந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தொலைபேசி எண்.

"நாளைக்குத் துறையிலேருந்து கடிதம் அனுப்புவாங்களாம்," என்றான் தில்முரோத்.

"கடிதமா?" என்றாள் அனார்குல். அந்த ஒரு சொல்லில் ஒன்பது மாதம் இருந்தது. தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான் பேசுறேன்," என்றாள் புரூல். "டாக்டர்னு சொன்னா பயப்படுவாங்க. போலீஸ்னு சொன்னா வெச்சுடுவாங்க. நீங்க நம்பரைப் படிங்க."

முதல் எண் அரவான் என்ற ஊரில். ஒரு பெண் எடுத்தாள். பின்னணியில் பாத்திரச் சத்தம்.

"அக்கா, என்னை உங்களுக்குத் தெரியாது. போன ஜூலையில ஒரோஸ்பெக் கிட்ட அக்குள் ஸ்கேன் எடுத்தீங்கல்ல? நானும் எடுத்தேன். அந்தப் படம் உங்களோடது இல்ல. என்னோடதும் இல்ல. நாளைக்கே பிஷ்கெக் கிளம்புங்க. எழுதிக்கோங்க, எங்க போகணும்னு சொல்றேன்."

இரண்டாவது எண்ணில் ஒரு மகள் எடுத்து எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டாள். மூன்றாமவள் திட்டினாள். நான்காமவள் அழுதாள். புரூல் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து முகவரியை மறுபடி சொன்னாள். சபீரா ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கோடு போட்டாள்.

ஐந்தாவது எண்ணை ஓர் ஆண் எடுத்தார்.

புரூல் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"அவ போயி நாற்பது நாள் முடிஞ்சு போச்சும்மா. போன வாரம்தான் சாப்பாடு போட்டோம்," என்றார். "நீங்க யாரு? கூட வேலை பாத்தவங்களா?"

புரூலின் உதடுகள் அசைந்தன. சபீரா போனை வாங்கக் கை நீட்டினாள். புரூல் கொடுக்கவில்லை.

"இல்லண்ணே," என்றாள். "நான் அவங்களுக்கு அடுத்த வரியில இருந்தவ. நாளைக்கு உங்க வீட்டுக்கு நேர்ல வர்றேன். அவங்க ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு காகிதம்கூட விடாம பத்திரமா வையுங்க."

போனை அணைத்தாள். வீங்கிய கையைப் பதிவேட்டின் மேல் வைத்து, பக்கம் மூடிக்கொள்ளாதபடி அமுக்கிப் பிடித்தாள்.

"இன்னும் இருபத்தேழு பேர் இருக்காங்க," என்றாள். "சத்தமாப் படிங்க."